பார்க்கும் இடத்துக்கு மட்டும் கூர்மை: ஃபோவியேட்டட் ரெண்டரிங் பற்றி ஓர் எளிய விளக்கம்

கோத்தகிரியிலிருந்து கோடநாடு காட்சிமுனைக்குப் போய், தடுப்புக் கம்பியைப் பிடித்தபடி கீழே பார்ப்பவர்கள் எல்லோரும் ஒரே பார்வையில் முழுவதையும் கண்டுவிட்டதாகவே உணர்கிறார்கள். மோயாற்றுப் பள்ளத்தாக்கு, ஆற்றங்கரையில் தெங்குமரஹடா ஊரின் வயல்கள், தொலைவில் வெயிலில் மின்னும் பவானிசாகர் நீர்ப்பரப்பு என விரியும் அந்தக் காட்சி, மூலைக்கு மூலை ஒரே தெளிவுடன் அச்சிட்ட பெரிய புகைப்படம் போல நம் முன் நிற்பதாகத் தோன்றுகிறது. உண்மையில் எந்த ஒரு நொடியிலும் நம் கண் மிகக் கூர்மையாகப் பார்ப்பது, கையை முழுவதும் நீட்டிக் கட்டை விரலை உயர்த்தினால் அந்த விரல் மறைக்கும் அளவுள்ள சிறு இடத்தை மட்டுமே. அந்த இடத்தை விட்டு விலக விலகத் தெளிவு விரைவாகக் குறைந்துகொண்டே போகிறது. கண் நொடிக்கு மூன்று முறை போல இடம் மாறி மாறிப் பார்ப்பதாலும், பார்த்த துண்டுகளை மூளை கோத்து வைத்துக்கொள்வதாலும் இந்தக் குறை நமக்குத் தெரிவதே இல்லை.

கண்ணின் இந்த இயல்பை அறிந்து, பார்வை பதியும் இடத்தை மட்டும் முழுக் கூர்மையுடனும் மற்ற இடங்களைக் குறைந்த உழைப்புடனும் கணினி வரைந்து தரும் முறைக்கு ஃபோவியேட்டட் ரெண்டரிங் என்று பெயர். இதற்குத் தமிழில் இன்னும் ஒரு சொல் நிலைபெறவில்லை என்பதால் அந்தப் பெயரையே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். ரெண்டரிங் என்பது கணினி ஒரு காட்சியைப் புள்ளி புள்ளியாகக் கணக்கிட்டு வரைவது. ஃபோவியா என்பது நம் விழித்திரையின் நடுவில் உள்ள ஒரு சிறு குழி.

இதை நம்புவதற்குக் கருவி எதுவும் வேண்டாம். நாளிதழ் ஒன்றை வழக்கமான தூரத்தில் பிடித்துக்கொண்டு, ஒரு பத்தியின் நடுவில் உள்ள ஓர் எழுத்தின் மேல் கண்ணை நிறுத்துங்கள். கண்ணைச் சிறிதும் அசைக்காமல், சுற்றியுள்ள சொற்களில் எத்தனையைப் படிக்க முடிகிறது என்று பாருங்கள். இருபுறமும் ஓரிரண்டு சொற்கள் தெரியும். அதற்கு அப்பால் எழுத்துகள் இருக்கின்றன என்பது தெரியுமே தவிர, அது ‘ண’வா ‘ன’வா என்பது தெரியாது. கண் தானாகவே நழுவி அந்தச் சொல்லின் மேல் போய் நிற்கப் பார்க்கும். அந்த நழுவலைத் தடுப்பதுதான் இந்தச் சோதனையிலேயே கடினமான பகுதி.

இதற்குக் காரணம் விழித்திரையின் அமைப்பு. அங்கே ஒளியை உணரும் செல்கள் இரண்டு வகை. வெளிச்சத்தில் நிறத்தையும் நுணுக்கத்தையும் காட்டுபவை கூம்பு செல்கள்; மங்கிய ஒளியில் வேலை செய்பவை குச்சி செல்கள். இரண்டும் சேர்ந்து ஒரு கண்ணில் ஏறத்தாழ 10 கோடி இருக்கும். அவற்றில் கூம்பு செல்கள் 50, 60 லட்சம் மட்டுமே. சுமார் 1.5 மில்லிமீட்டர் அகலமுள்ள ஃபோவியாவின் மையத்தில் இந்தக் கூம்பு செல்கள் சதுர மில்லிமீட்டருக்கு இரண்டு லட்சம் அளவுக்கு நெருங்கி நிற்கின்றன. மையத்தை விட்டுச் சிறிது விலகியதுமே அந்த நெருக்கம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. மேலும், கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பில் ஏறத்தாழ 10 லட்சம் இழைகள்தான் உள்ளன. 10 கோடி செல்கள் சொல்வதை 10 லட்சம் இழைகளில் அனுப்ப வேண்டுமென்றால் எங்கோ சிக்கனம் செய்தாக வேண்டும். ஃபோவியாவின் செல்களுக்குத் தனி இழை என்னும் அளவுக்குத் தாராளமும், ஓரத்தில் உள்ள செல்களுக்குப் பலவற்றுக்கும் சேர்த்து ஓர் இழை என்னும் அளவுக்குக் கட்டுப்பாடும் வைத்து இயற்கை இந்தச் சிக்கனத்தைச் செய்திருக்கிறது. மூளையின் பார்வைப் பகுதியிலும் பெரும்பங்கு இடம் நடுப்பார்வைக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது.

கணினிக்கு இந்தச் சிக்கனம் ஏன் வேண்டும் என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் தெளிவாகும். நல்ல பார்வை உள்ள கண், ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கைத் தனியே காணும். ஆகவே திரையின் புள்ளிகள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்க வேண்டுமென்றால் பாகைக்கு 60 பிக்சல், அதாவது 60 திரைப்புள்ளி, வேண்டும். முகத்தில் மாட்டிக்கொள்ளும் விர்ச்சுவல் ரியாலிட்டி ஹெட்செட் ஒன்று, ஒவ்வொரு கண்ணுக்கும் அகலத்திலும் உயரத்திலும் 110 பாகை காட்சி தருவதாக வைத்துக்கொள்வோம். 110ஐ 60ஆல் பெருக்கினால் 6,600. அகலத்தில் 6,600, உயரத்தில் 6,600 என்றால் ஒரு கண்ணுக்கு 4 கோடியே 35 லட்சம் பிக்சல். இரண்டு கண்களுக்கும் சேர்த்து 8 கோடியே 70 லட்சம். தலையைத் திருப்பும்போது தலைசுற்றல் வராமல் இருக்க இந்தப் படத்தை நொடிக்கு 90 முறை புதிதாக வரைய வேண்டும் என்பதால், ஒரு நொடிக்கு ஏறத்தாழ 780 கோடி பிக்சல்களைக் கணக்கிட வேண்டியிருக்கும். வீட்டில் உள்ள முழு எச்டி திரையில் நொடிக்கு 60 படம் காட்டுவதற்குத் தேவைப்படுவது 12 கோடியே 44 லட்சம்தான். அறுபது மடங்குக்கும் மேற்பட்ட இந்த வேலையை, பேட்டரியில் ஓடும், முகத்தில் சூடேறாமல் இருக்க வேண்டிய ஒரு சிறு கருவியின் மேல் சுமத்த முடியாது.

இப்போது கண்ணின் வழக்கத்தை இதில் கலந்து பாருங்கள். பார்வை பதிந்த இடத்தைச் சுற்றி 20 பாகை அகலமும் உயரமும் கொண்ட ஒரு சதுரத்தை மட்டும் முழுக் கூர்மையில் வரைந்தால் அதற்கு ஒரு கண்ணுக்கு 14 லட்சத்து 40 ஆயிரம் பிக்சல் போதும். மீதமுள்ள பரப்பில், நீளத்தில் நான்கு, அகலத்தில் நான்கு என்று 16 பிக்சல்களுக்கு ஒரு கணக்கு போட்டால் அங்கே 26 லட்சத்துச் சொச்சம்தான் ஆகும். மொத்தம் 41 லட்சத்தைத் தாண்டாது. அதாவது முன்பிருந்த வேலையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நடைமுறையில் இவ்வளவு கூர்மையான எல்லைக்கோடு போடாமல், நடு, இடை, ஓரம் என்று மூன்று வளையங்களாகப் படிப்படியாகக் குறைப்பார்கள். மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் இப்படி மூன்று அடுக்குகளாக வரைந்து, மேசைத் திரையிலேயே ஐந்து ஆறு மடங்கு வேகம் கிடைப்பதைக் காட்டினார்கள். ஹெட்செட்டில் காட்சிப் பரப்பு மேலும் அகலம் என்பதால் மிச்சமாவதும் அங்கே மேலும் அதிகம்.

இந்த முறையின் எளிய வடிவத்தை நான் முதன்முதலில் நேரில் கண்டது கோத்தகிரியில் எங்கள் வீட்டுக் கூடத்தில்தான். கோயம்புத்தூரில் பொறியியல் படிக்கும் அண்ணன் மகன், மலை ரயில் பாதையில் உள்ள கேத்தி ரயில் நிலையத்தைத் தன் கல்லூரிப் பணிக்காக மெய்நிகர் காட்சியாகச் செய்திருந்தான். நடைமேடை, நீல நிறப் பெட்டிகள், பின்னால் படிப்படியாக இறங்கும் கேரட் தோட்டங்கள், காற்றில் அசையும் சில்வர் ஓக் மரங்கள் என ஆசை ஆசையாகச் சேர்த்ததில் காட்சி கனத்துவிட்டது. நொடிக்கு 72 படம் காட்ட வேண்டிய ஹெட்செட்டில் ஒரு படத்தை வரைய 14 மில்லிநொடிக்கும் குறைவான நேரமே உண்டு. அவனுடைய காட்சிக்கு 17 ஆனது. தலையைத் திருப்பினால் நடைமேடை வெட்டி வெட்டி நகர்ந்தது. அவன் அமைப்பில் ஒரே ஒரு மாற்றம் செய்துவிட்டு, “இப்போது பாருங்கள் சித்தப்பா” என்று மறுபடி மாட்டிவிட்டான். வெட்டு நின்றிருந்தது, காட்சியும் பார்வைக்கு அப்படியேதான் இருந்தது.

வேறுபாட்டை நான் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். தலையை அசைக்காமல் விழியை மட்டும் வலக்கோடிக்கு உருட்டி, ‘கேத்தி’ என்று எழுதிய மஞ்சள் பலகையைப் பார்த்தபோது, எழுத்துகளின் உட்பகுதி சிறு சிறு கட்டங்களாக உடைந்திருந்தது. ‘த்’ மேல் உள்ள புள்ளி ஒரு கட்டத்துக்குள் கரைந்தே போயிருந்தது. தலையைத் திருப்பிப் பலகையை நடுவுக்குக் கொண்டுவந்ததும் எழுத்து பளிச்சென்று வந்துவிட்டது. அந்தக் கருவிக்கு என் கண் எங்கே பார்க்கிறது என்பது தெரியாது. மனிதர்கள் பெரும்பாலும் நடுவையே பார்ப்பார்கள் என்ற ஊகத்தில், திரையின் நடுவைக் கூர்மையாகவும் ஓரத்தைக் கரடாகவும் அது எப்போதும் வைத்திருக்கிறது. இதற்கு நிலையான ஃபோவியேட்டட் ரெண்டரிங் என்று பெயர். விலை குறைந்த ஹெட்செட்களில் 2018, 2019 வாக்கில் இது பரவலாக வந்தது. ஹெட்செட்டின் லென்சே ஓரத்தைச் சற்று மங்கலாகத்தான் காட்டும் என்பதால் இந்த ஊகம் பல நேரங்களில் பலித்துவிடுகிறது. ஆனாலும் இதை முழுமையான தீர்வாக நான் கருதவில்லை. விழி நடுவை விட்டு ஓரத்துக்குப் போனால் ஊகம் பொய்த்துவிடுகிறது. அதனால்தான் பலகையில் உள்ள புள்ளி காணாமல் போகிறது.

முழுமையான வடிவத்துக்குக் கண்ணைப் பின்தொடர வேண்டும். ஹெட்செட்டின் உள்ளே, லென்சைச் சுற்றி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்குகள் சிலவற்றைப் பொருத்துகிறார்கள். அவற்றின் ஒளி கருவிழியின் மேல் பட்டுச் சிறு மினுக்குகளாகத் தெரியும். ஒரு குட்டி கேமரா அந்த மினுக்குகளையும் கண்பாவையின் நடுவையும் படம் பிடிக்கிறது. விழி திரும்பும்போது இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவும் திசையும் மாறுவதைக் கொண்டு பார்வை எங்கே பதிகிறது என்று கணக்கிடுகிறார்கள். ஒவ்வொருவர் கண்ணும் சற்று வேறுபடும் என்பதால், முதலில் மாட்டும்போது திரையில் அங்கங்கே தோன்றும் புள்ளிகளைப் பார்க்கச் சொல்லிக் கருவி தன்னைப் பழக்கிக்கொள்ளும். 2023 பிப்ரவரியில் வந்த பிளேஸ்டேஷன் விஆர்2 ஹெட்செட்டிலும், அடுத்த ஆண்டு பிப்ரவரியில் வந்த ஆப்பிள் விஷன் புரோவிலும் இந்த அமைப்பு உண்டு.

ஓரத்தில் வேலையைக் குறைப்பது என்றால் அங்கே படத்தை மங்கலாக்கிவிட்டால் போதும் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இந்த எண்ணம் ஏன் தவறு என்பதுதான் இந்தத் துறையில் என்னை மிகவும் ஈர்த்த பகுதி. ஓரப் பார்வை என்பது நடுப்பார்வையின் மட்டமான நகல் அன்று. அதற்கென்று தனி வேலைகள் இருக்கின்றன.

என் அத்தை கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளும் அந்த வேலையில் கண் முழுக்கச் செடியின் மேல்மட்டத்தில்தான் இருக்கும். விரலுக்கு முன்னால் கண் ஓடிக்கொண்டிருக்கும். ஆனாலும் முப்பது நாற்பது அடி தள்ளி, செடிகளுக்கிடையே ஒரு காட்டெருமை தலையைத் தூக்கினால், பறிக்கும் பெண்களில் யாராவது ஒருவர் நிமிராமலேயே அதை உணர்ந்து குரல் கொடுத்துவிடுவார் என்று சொல்வார். அது எருமையா, பாறையா, போர்வை போர்த்திய ஆளா என்பது ஓரப் பார்வைக்குத் தெரியாது. ஏதோ ஒன்று அசைந்தது என்பது மட்டும் உறுதியாகத் தெரியும். உருவத்தைப் படிப்பதில் பின்தங்கிய ஓரப் பார்வை, அசைவையும் மினுக்கத்தையும் பிடிப்பதில் நன்றாகவே விழிப்புடன் இருக்கிறது. இருட்டிலோ அது நடுவையே மிஞ்சிவிடும். ஃபோவியாவின் நட்டநடுவில் குச்சி செல்களே இல்லை என்பதால், நிலவில்லாத இரவில் ஒரு மங்கலான நட்சத்திரத்தை நேரே பார்த்தால் மறைந்துபோகும். பார்வையைச் சற்று விலக்கினால் மீண்டும் தெரியும். மேகமில்லாத மார்கழி இரவில் மலையில் இருப்பவர்கள் இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

இப்போது அண்ணன் மகனின் சில்வர் ஓக் மரங்களுக்கு வருவோம். அந்த மரத்தின் இலை பல கூறுகளாகப் பிரிந்து மெலிந்திருக்கும். மேல்புறம் பச்சை, அடிப்புறம் வெள்ளி போல வெளுப்பு. காற்றில் அசையும்போது பச்சையும் வெளுப்பும் மாறி மாறித் தெரியும். ஓரத்தில் 16 பிக்சல்களுக்கு ஒரே நிறம் என்று கணக்கிடும்போது, அந்த ஒரு கணக்கு இந்த நொடி இலையின் பச்சையில் விழலாம், அடுத்த படத்தில் வெளுப்பில் விழலாம். விழும் இடத்தைப் பொறுத்து 16 பிக்சல்களும் சேர்ந்து பச்சையாகவும் வெளுப்பாகவும் துடிக்கும். நேரே பார்த்தால் இது சிறு குறைதான். ஆனால் அசைவுக்கென்றே விழித்திருக்கும் ஓரப் பார்வையில் இந்தத் துடிப்பு காட்டெருமை நகர்ந்தது போலவே வேலை செய்து, கண்ணை வலுவில் இழுத்துவிடும். ஆகவே ஓரத்தில் நுணுக்கம் குறையலாம், துடிப்பு மட்டும் வரவே கூடாது. முந்தைய படத்தின் நிறங்களோடு கலந்து நிதானப்படுத்துவது, தொலைவில் உள்ள இலைகளுக்கு ஏற்கெனவே சராசரியாக்கிய நிறத்தைக் கொடுப்பது போன்ற வழிகளால் இதைத் தணிக்கிறார்கள்.

துடிப்புக்குப் பயந்து ஓரத்தை நன்றாக மங்கலாக்கிவிட்டால் வேறொரு தொல்லை வருகிறது. மங்கலாக்கும்போது வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் இடையிலான வேறுபாடும் குறைந்துபோகும். அப்போது பார்ப்பவருக்கு ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போன்ற நெருக்கம் உண்டாகிறது. என்விடியா ஆய்வாளர்கள் 2016ஆம் ஆண்டில் இதைச் சோதித்து, மங்கலாக்கிய பகுதியில் ஒளி நிழல் வேறுபாட்டை மட்டும் மீண்டும் கூட்டிக் கொடுத்தால், அந்தக் குழாய் உணர்வு குறைவதையும், அதனால் ஓரத்தை மேலும் அதிகமாக மங்கலாக்க முடிவதையும் காட்டினார்கள்.

ஓரப் பார்வையின் மற்றொரு குணம் கணினிக்குச் சாதகமானது. ஒரு வெள்ளைத் தாளில் ஒரு புள்ளி வையுங்கள். அதிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி, விரல் நக அளவில் ‘ழ’ என்று எழுதுங்கள். புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாலும் அது ‘ழ’ என்பது தெரியும். இப்போது அதே அளவில், அதே இடத்தில் ‘ழ’ வரும்படி ‘பழம்’ என்று நெருக்கமாக எழுதிப் பாருங்கள். எழுத்தின் அளவு மாறவில்லை, தூரமும் மாறவில்லை. ஆனாலும் நடுவெழுத்து பக்கத்து எழுத்துகளோடு கலந்து பிரிக்க முடியாமல் போய்விடும். ஓரத்தில் நெருங்கி நிற்கும் பொருள்களைத் தனித்தனியே எடுக்க முடியாத இந்த நெருக்கடியை 1970ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் ஹெர்மன் பௌமா அளந்து சொன்னார்: நடுப்பார்வையிலிருந்து ஒரு பொருள் எவ்வளவு விலகியிருக்கிறதோ, அதில் ஏறத்தாழ பாதி இடைவெளியாவது பக்கத்துப் பொருளுக்கும் அதற்கும் இடையே இருந்தால்தான் தனித்துத் தெரியும். கேரட் தோட்டத்தில் ஆயிரம் செடிகள் நெருங்கி நிற்கும்போது ஓரக் கண் அவற்றைச் செடிகளாக எண்ணுவதில்லை, ‘பச்சையான சொரசொரப்பு’ என்ற அளவில்தான் எடுத்துக்கொள்கிறது. அந்தச் சொரசொரப்பைச் சரியாகக் கொடுத்துவிட்டால் போதும், எந்தச் செடி எங்கே இருக்கிறது என்பது தவறினாலும் கண் கண்டுகொள்ளாது.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். விழி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும்போது நொடிக்குப் பல நூறு பாகை வேகத்தில் செல்கிறது. அவ்வளவு வேகத்தில் கூர்மையான பகுதியை எப்படி உடன் நகர்த்துவது என்ற கேள்வி எழும். இங்கேயும் கண்ணே உதவிக்கு வருகிறது. தாவும் சில பத்து மில்லிநொடிகளில் மூளை பார்வையைப் பெருமளவு அடக்கி வைத்துவிடுகிறது. கண்ணாடி முன் நின்று உங்கள் இடக் கண்ணையும் வலக் கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். உங்கள் விழி நகர்வதை உங்களால் ஒருபோதும் காண முடியாது. பக்கத்தில் நிற்பவருக்கோ அது நன்றாகத் தெரியும். தாவி முடித்த பின்னும் முழுக் கூர்மை திரும்பச் சிறிது நேரம் ஆகும். அந்த இடைவெளிக்குள் கேமரா படம் பிடித்து, பார்வைத் திசையைக் கணக்கிட்டு, புதிய படத்தை வரைந்து, திரைக்கு அனுப்பிவிட வேண்டும். தொடக்கம் முதல் முடிவு வரை 50 முதல் 70 மில்லிநொடி வரை தாமதித்தாலும் பார்ப்பவர் பொறுத்துக்கொள்கிறார் என்பதை 2017இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அதைவிடத் தாமதமானால், கூர்மையான வட்டத்தை அகலப்படுத்தி ஈடுசெய்ய வேண்டியிருக்கும். அப்போது மிச்சமும் குறைந்துவிடும்.

இந்த முறையால் குறைவது பிக்சல்களுக்கு நிறமும் ஒளியும் கணக்கிடும் வேலை மட்டுமே என்பதையும் புதிதாகக் கற்பவர்கள் நினைவில் வைக்க வேண்டும். ரயில் பெட்டியின் வடிவத்தை ஆக்கும் முக்கோணங்களை அடுக்குவது, பெட்டி எப்படி நகர வேண்டும் என்று கணக்கிடுவது ஆகியவை அப்படியேதான் இருக்கும். அண்ணன் மகனின் காட்சியில் மரங்களின் இலைகளே லட்சக்கணக்கான முக்கோணங்களாக இருந்ததால், ஓரக் கூர்மையை மேலும் ஒரு படி குறைத்தபோது அவனுக்கு ஏறக்குறைய எதுவும் மிச்சமாகவில்லை. தொலைவில் உள்ள மரங்களைத் தட்டையான படங்களாக மாற்றிய பிறகே 13 மில்லிநொடி 10 ஆனது.

ஒரு ஹெட்செட் எந்த வகையில் வேலை செய்கிறது என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். எழுத்துள்ள ஏதாவது ஒரு பலகையைக் காட்சியின் ஓரத்துக்குக் கொண்டுவந்து, தலையை அசைக்காமல் விழியை மட்டும் உருட்டிப் பாருங்கள். எழுத்து கட்டம் கட்டமாக உடைந்திருந்தால் அது நிலையான வகை. கண்ணைப் பின்தொடரும் வகையில் எவ்வளவு வேகமாக உருட்டினாலும் கரடான பகுதி உங்களுக்கு அகப்படாது. அதைக் காண வேண்டுமென்றால் ஹெட்செட்டை வேறொருவருக்கு மாட்டிவிட்டு, அவர் காண்பதை வெளித்திரையில் பார்க்க வேண்டும். ஒரு தெளிவான வட்டம் பலகைக்கும் பெட்டிக்கும் மரத்துக்கும் இடையே தாவித் தாவி ஓடுவதும், மற்ற இடமெல்லாம் மங்கிக் கிடப்பதும் பல சமயம் அந்தத் திரையில் தெரியும். மாட்டியிருப்பவரிடம் கேட்டால், எல்லா இடமும் தெளிவாகத்தான் இருக்கிறது என்பார்.